கிடப்பில் கிடக்கும் கேம்களை ஆடி முடிப்பது எப்படி?

இரவு 10 மணி. வீடு அடங்கியாயிற்று. கையில் கன்ட்ரோலர், எதிரே டிவி, தூங்கப் போவதற்கு முன் முழுசாக ஒரு மணி நேரம் இருக்கிறது. கன்சோலை ஆன் செய்கிறீர்கள். வாங்கி வைத்த கேம்களின் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இதை ஆடலாமா? வேண்டாம், பெரிய கேம், இன்றைக்குத் தொடங்கினால் சரிப்படாது. பாதியில் விட்ட அது? எங்கே நிறுத்தினோம் என்பதே ஞாபகமில்லை. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், முதலில் அப்டேட் இறங்கட்டும் என்கிறது. இறங்கி முடிக்கும்போது மணி 10.40. கொட்டாவி விட்டபடி டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள்.

எனக்கு இப்படிப் போன இரவுகள் ஏராளம். கேம் ஆட நேரமே இல்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நேரம் இருக்கத்தான் செய்தது. எதை ஆடுவது என்று யோசிப்பதிலும், அப்டேட்டுக்குக் காத்திருப்பதிலும், விட்ட இடத்தைத் தேடுவதிலும் அது கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவை அடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் வாரத்துக்கு 4, 5 மணி நேரத்துக்கு மேல் தேறாதவர்களுக்கு. நாள் முழுக்க ஆடக்கூடிய பாக்கியவான்கள் இதைப் படிக்கும் நேரத்தில் இன்னொரு பாஸை (கேமில் வழிமறிக்கும் பெரிய எதிரியை) அடித்துவிடலாம்.

முதல் வேலை: எண்ணுங்கள்

எத்தனை கேம் கிடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "ஒரு இருபது இருக்கும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் 63. அதில் 11 டிஸ்க்குகளின் மேலுறை கூடப் பிரிக்கப்படவில்லை.

எண்ணும்போது மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். அலமாரியில் இருக்கும் டிஸ்க், கார்ட்ரிட்ஜ்கள். கன்சோலின் டிஜிட்டல் லைப்ரரி. அப்புறம் சந்தாவில் கிடைத்தவை. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பிளேஸ்டேஷன் பிளஸ்ஸில் மாதாமாதம் கொடுப்பதை ஒரு பொத்தானை அமுக்கிச் சேர்த்துக்கொண்டே வந்திருப்போம், ஒருநாளும் திறந்திருக்க மாட்டோம். ஆசைப்பட்டு எடுக்காததையெல்லாம் பட்டியலில் ஏற்ற வேண்டாம். "இது கிடைத்ததே" என்று பார்த்தவுடன் மனம் துள்ளுவதை மட்டும் எழுதுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போனில் ஒரு குறிப்பு, இல்லையென்றால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் சரிதான். பெயர், எந்தக் கன்சோல், எத்தனை மணி நேரம் பிடிக்கும், எதுவரை ஆடியிருக்கிறேன் என்று நான்கே விஷயங்கள். வகை, வருடம், மதிப்பெண், வண்ணக் குறியீடு என்று அழகுபடுத்தத் தொடங்கினால் பட்டியல் போடுவதே ஒரு கேம் ஆகிவிடும். நான் இரண்டு வார இறுதிகளை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம்?

இதற்கு ஹவ்லாங்டுபீட் என்ற தளம் இருக்கிறது. ஆடி முடித்தவர்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவு செய்வார்கள்; அதன் சராசரியை அது காட்டும். ஒரு கேமுக்குப் பொதுவாக மூன்று கணக்கு இருக்கும். கதையை மட்டும் முடிக்க ஆகும் நேரம், கதையோடு கொஞ்சம் சைடு மிஷன்களும் (கதைக்கு வெளியே உள்ள கிளை வேலைகளும்) செய்தால் ஆகும் நேரம், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் முடிக்க ஆகும் நேரம். நமக்கு முதல் கணக்குதான் வேண்டும். அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே பதிவு செய்கிறவர்கள் கை பழகியவர்கள். நாமோ தூக்கக் கலக்கத்தில் ஒரே கதவை மூன்று தடவை சுற்றி வருகிறவர்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ஜர்னி 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். போர்ட்டல் 3 மணி நேரம், இன்சைடு 4-க்குள். தி விட்சர் 3 கதை மட்டும் ஏறக்குறைய 50 மணி நேரம். தோண்டித் துருவி எல்லாம் செய்தால் 170-ஐத் தாண்டும். பெர்சோனா 5 ராயல் கதைக்கே 100 மணி நேரம் கேட்கும். அலமாரியில் எல்லாம் ஒரே அளவுப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். என் 63 கேமுக்குச் சராசரியாக 15 மணி நேரம் வைத்தாலும் 945 மணி நேரம் வந்தது. வாரத்துக்கு 5 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 260. அதாவது இன்றோடு புதிதாக ஒன்றுகூட வாங்காமல் இருந்தாலும் மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். பெர்சோனா ஒன்று மட்டும் 20 வாரத்தைத் தின்றுவிடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று கொஞ்சம் நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் அடுத்த வேலையைத் தயங்காமல் செய்ய இதுதான் உதவியது.

கழித்துக் கட்டுவது

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். கட்டாயம் ஆடுவேன் என்பவை. ஒரு கை பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்பவை. ஆடப் போவதில்லை என்பவை. மூன்றாவதில் கை வைக்கத்தான் மனம் வராது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று தோன்றும். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. இனி அதற்காக 40 மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எதையெல்லாம் விடலாம்? தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கியவை முதலில். எல்லோரும் பேசுகிறார்களே என்று வாங்கியவை அடுத்து. ஒரு தொடரின் முதல் பாகமே பிடிக்காமல் போனபின் "இரண்டாவது நன்றாக இருக்குமாம்" என்று வாங்கியவை கட்டாயம் போகட்டும். முடிவே இல்லாத ஆன்லைன் கேம்களையும், அனிமல் கிராசிங் போல நிஜக் கடிகாரத்தோடு ஓடுகிறவற்றையும் இந்தப் பட்டியலில் வைக்கவே வேண்டாம். அவற்றை முடிப்பது என்ற பேச்சே இல்லை. பிடித்தால் வாரத்தில் ஒருநாளை அவற்றுக்கென்று தனியாக ஒதுக்குங்கள்.

"ஒரு கை பார்க்கிறேன்" பிரிவுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். நிறுத்திய பிறகும் மறுநாள் அதைப் பற்றி யோசிக்கிறீர்களா என்று பாருங்கள். யோசித்தால் மேலே ஏற்றுங்கள். இல்லையென்றால் விடை கொடுங்கள். இதற்கு விதிவிலக்கு நீளமான ஆர்பிஜிகள், அதாவது ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் வளர்ந்துகொண்டு போகும் கேம்கள். பெர்சோனா 5-இல் நம் இஷ்டத்துக்கு நடமாட விடுவதற்கே பல மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் அதைத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். அந்த மாதிரிக் கேமுக்கு ஐந்து மணி நேரம், அதாவது ஒரு வாரம் கொடுக்கலாம்.

விட்ட குறை, தொட்ட குறையாகக் கிடக்கும் கேம்களை என்ன செய்வது? புதிதாக வருகிறவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். நான் வைத்திருக்கும் வழக்கம் இது. மூன்றில் ஒரு பங்கு கூட ஆடவில்லையென்றால் முதலிலிருந்து தொடங்கிவிடுவேன். இரண்டாம் முறை பாதி நேரத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியிருந்தால் அதே சேவிலிருந்து (சேமித்து வைத்த இடத்திலிருந்து) தொடர்வேன், கை பழகும்வரை தடுமாறினாலும் பரவாயில்லை. நட்டநடுவில் நிற்பவைதான் தொல்லை. அவற்றுக்கு யூடியூபில் கதைச் சுருக்கம் ஒன்றை நான் நிறுத்திய இடம்வரை பார்த்துவிட்டுத் தொடர்வேன். அப்படிச் சுருக்கம் பார்க்கும்போதே அலுப்புத் தட்டினால், அதுவே பதில். அந்தக் கேம் மூன்றாவது பிரிவுக்குப் போகட்டும்.

என் 63, இந்த வேலை முடிந்தபோது 27 ஆகியிருந்தது. இன்னும் ஒரு கேம் கூட முடிக்கவில்லை, அதற்குள் பாரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

எதை முதலில் ஆடுவது?

காலாவதி ஆகிறவை முதலில். எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தாவிலும் பிளேஸ்டேஷன் பிளஸ் கேட்டலாகிலும் கேம்கள் வரும், போகும். விரைவில் நீங்கப் போகிறவற்றை அவர்களே தனியாகக் காட்டுவார்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும்போது கேம் போய்விட்டால் அதைவிட எரிச்சல் வேறில்லை. மாதாந்திர கேம்கள் சந்தா இருக்கும்வரை லைப்ரரியில் இருக்கும். சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும். சந்தாவை நிறுத்தும் எண்ணம் இருந்தால் அவற்றையும் முன்னால் கொண்டு வாருங்கள்.

பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்டென்டோ நிறுவனம் தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்கள் இரண்டின் டிஜிட்டல் கடைகளிலும் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. முன்பே வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட நினைக்கும் பழைய டிஜிட்டல் கேம்களையும், வாங்கியிருந்த கூடுதல் பகுதிகளையும் இப்போதே இறக்கி வையுங்கள். சேவ் பதிவைப் பேட்டரியின் தயவில் வைத்திருக்கும் பழைய கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் மோசம். பேட்டரி தீர்ந்தால் 30 மணி நேர உழைப்பும் சேர்ந்து போகும்.

அவசரம் எதுவும் இல்லையென்றால் சின்னதிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதத்தில் ஜர்னி, இன்சைடு, எ ஷார்ட் ஹைக் மாதிரி இரண்டு மூன்றை முடித்துவிட்டால் பட்டியலில் கோடு விழத் தொடங்கும். அந்தக் கோடுகள் தரும் தெம்பு பெரிது. அதன் பிறகு ஒரு பெரிய கேம், பக்கத்தில் ஒரு சின்ன கேம் என்று இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டாம். ஐந்தாறு கேம்களில் நுனிப்புல் மேய்ந்தால் ஒன்றிலும் கதை நிற்காது, கையும் பழகாது.

அந்த இரண்டும் வெவ்வேறு ஜாதியாக இருப்பது முக்கியம். ஒன்று வாளெடுத்துச் சண்டை போடுவது என்றால் மற்றது புதிரோ பந்தயமோ. ஒரே மாதிரியான இரண்டு கேம்களை ஒரே சமயத்தில் ஆடினால் விரல் குழம்பும். ஒன்றில் வட்டப் பொத்தான் உருண்டு தப்பிக்க. இன்னொன்றில் அதே பொத்தான் மருந்து குடிக்க. பாஸ் கோடாரியை ஓங்கும்போது என் ஆள் நிதானமாகப் புட்டியைத் திறந்து குடித்த காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

கிடைக்கும் நேரத்துக்கு ஏற்ற கேம்

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஒரு அமர்வுக்கு எவ்வளவு நேரம் கேட்கும் என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். இதை எந்தத் தளமும் சொல்லாது. ஆடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹேடீஸில் ஒரு ஓட்டம், அதாவது முதலிலிருந்து தொடங்கும் ஒரு முயற்சி, சுமார் அரை மணி நேரம். நடுவில் நிறுத்தினாலும் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். பிரெத் ஆஃப் தி வைல்ட் பெரிய கேம்தான். ஆனால் அதில் 120 ஷ்ரைன்கள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை சின்னப் புதிர்கள். இருபது நிமிடம் இருந்தால் ஒன்றை முடித்துவிட்டுத் திருப்தியாக எழுந்திருக்கலாம். அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை உலகமே முடிந்து மறுபடி தொடங்கும். கண்டுபிடித்ததையெல்லாம் விண்கலத்தில் உள்ள பதிவேடு குறித்து வைத்துக்கொள்ளும். நேரமில்லாதவர்களை நினைத்தே செய்தது போல இருக்கும். அலன் வேக் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்திருக்கிறது. புது அத்தியாயத்தின் தொடக்கத்தில் டிவி தொடர் மாதிரி "இதுவரை நடந்தது" என்று ஓட்டிக் காட்டும்.

எதிர்ப்பக்கம், பிளேஸ்டேஷன் 3-இல் (பிஎஸ்3) வந்த மெட்டல் கியர் சாலிட் 4. அதன் முடிவுக் காட்சிகள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரவு 11 மணிக்குக் கடைசி பாஸை அடித்துவிட்டு, "சரி, முடிந்துவிட்டது, தூங்கலாம்" என்று நினைத்தவன் கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வார நாட்களுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று என்று பிரியுங்கள். வார நாளில் முக்கால் மணி நேரம் கிடைத்தால் துண்டு துண்டாக ஆடக்கூடியது. விடுமுறைக் காலையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் கதையும் காட்சியும் நிறைந்தது. மூளை களைத்த நாளில் எல்டன் ரிங் மாதிரிக் கடினமான கேமோடு மல்லுக்கட்டாதீர்கள். அது உங்களை அடிக்கும், நீங்கள் கன்ட்ரோலரை அடிப்பீர்கள்.

உட்காரும் முன்பே செய்து வைக்க வேண்டியவை

இவை சின்ன வேலைகள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கன்சோலில் ரெஸ்ட் மோடு அல்லது ஸ்லீப் நிலையில் இருக்கும்போதே அப்டேட்டுகளை இறக்கும் வசதியை அமைப்புகளில் ஆன் செய்யுங்கள். டிஸ்க்கை முதல்முறை போடுவது எப்போதும் ஆடும் நாளுக்கு முந்தைய நாளில் நடக்கட்டும். இன்ஸ்டால் ஆகி அப்டேட்டும் இறங்க ஒரு மாலையே போய்விடும். கன்ட்ரோலரை சார்ஜில் போடுங்கள். இன்று எதை ஆடப் போகிறோம் என்பதைக் கன்சோலை ஆன் செய்வதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸில் வரும்போதோ முடிவு செய்யலாம், அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

கையில் இருக்கும் இரண்டு கேம்களையும் அடுத்து வரப்போகும் ஒன்றையும் மட்டும் கன்சோலில் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். முதலில் வந்த பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நாம் பயன்படுத்தக் கிடைப்பது 667 ஜிபிதான், இடமும் மிஞ்சும். அதைவிடப் பெரிய லாபம், திரையில் மூன்றே படங்கள்தான் இருக்கும். தேட ஒன்றும் இருக்காது.

கேமை மூடாமல் கன்சோலை உறங்க வைத்தால் அதே இடத்திலிருந்து நொடியில் தொடரலாம். ஸ்விட்ச்சிலும் பிஎஸ்5-இலும் ஒரு கேமுக்குத்தான் இந்த வசதி. இன்னொன்றைத் திறந்தால் முதலாவதை மூடச் சொல்லும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் உள்ள குயிக் ரெஸ்யூம் பல கேம்களை ஒரே சமயத்தில் அப்படி வைத்திருக்கும். ஆனால் இதை சேவ் என்று நம்பிவிடாதீர்கள். கரன்ட் போனாலோ, கேமுக்கு அப்டேட் வந்தாலோ நிறுத்தி வைத்த இடம் கலைந்துவிடக்கூடும். முதலில் சேவ், அப்புறம் உறக்கம்.

நிறுத்தும்போது எழுதும் ஒரு வரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கன்ட்ரோலரைக் கீழே வைப்பதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள். எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன செய்யப் போகிறேன், கையில் என்ன பழக்கம் வேண்டும்.

என் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "கோபுரத்தின் இரண்டாவது மாடி. இடது பக்கப் பாலம் உடைந்தது, போகாதே. சாவி பச்சைக் கதவுக்கு. குதித்தபின் மறுபடி எக்ஸ் அமுக்கினால் இன்னொரு தாவல் இருக்கிறது, அதை மறக்காதே." இதை எழுத 30 வினாடி ஆகியிருக்கும். அதன்பின் வேலை நெருக்கடியில் 19 நாள் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது பச்சைக் கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே போனேன். இந்த வரி இல்லாத காலத்தில் என்ன நடக்கும் என்றால், அந்த உடைந்த பாலத்தில் போய், விழுந்து, மறுபடி போய், விழுந்து, "இந்தக் கேம் சரியில்லை" என்று அணைத்துவிடுவேன். அப்படிச் சரியில்லாமல் போன கேம்கள் என் பட்டியலில் ஒன்பது இருந்தன.

எல்லாக் கேமுக்கும் இந்த வரி ஒரே அளவில் தேவைப்படாது. தி விட்சர் 3, சேவ் பதிவைத் திறக்கும்போதே இதுவரை நடந்த கதையைச் சொல்லிவிடும்; மிஷன் பட்டியலும் தெளிவாக இருக்கும். எல்டன் ரிங்கில் மிஷன் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. வழியில் சந்தித்த ஒருவர் ஏதோ ஒரு ஊருக்கு வரச் சொல்வார். எழுதி வைக்காவிட்டால் அவரும் போனார், அந்தக் கதையும் போயிற்று. அந்த மாதிரிக் கேமுக்கு ஒரு வரி போதாது, அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

எழுத அலுப்பாக இருந்தால் கன்ட்ரோலரில் உள்ள படமெடுக்கும் பொத்தானை அமுக்கி வரைபடத்தையும் மிஷன் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கூடவே அமைப்புகளில் பொத்தான்களின் விளக்கம் உள்ள பக்கத்தையும் ஒருமுறை எடுத்து வையுங்கள். நான் பெரும்பாலும் போனில் 15 வினாடி பேசிப் பதிவு செய்துவிடுகிறேன். நள்ளிரவில் "மூணாவது சுரங்கத்துல பேய் இருக்கு, போகாத" என்று போனிடம் கிசுகிசுப்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் பாடு.

எங்கே நிறுத்துவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பாஸை அடித்து, மிஷன் முடிந்து, எல்லாம் தீர்ந்த இடத்தில் நிறுத்தத்தான் கை போகும். நான் அதிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளி நிறுத்துவேன். அடுத்த மிஷனை வாங்கி, அந்த ஊர் வாசலில் போய் நின்று, அங்கே சேவ் செய்வேன். மறுமுறை திறக்கும்போது "இப்போது என்ன செய்வது?" என்ற கேள்வியே எழாது, கால் தானாக உள்ளே போகும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது நேராகக் கதைக்குள் குதிக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் ஏற்கெனவே தெரிந்த இடத்தில் சாதாரண எதிரிகளோடு கைகலந்து பாருங்கள். பயிற்சி அறை இருந்தால் இன்னும் நல்லது. மூளை மறந்திருக்கும், விரல் முழுதாக மறந்திருக்காது.

கேமுக்குள் நேரத்தை மிச்சப்படுத்துவது

கடினத்தைக் குறைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2018-இல் வந்த காட் ஆஃப் வார், தி விட்சர் 3 இரண்டிலுமே கதையை மட்டும் அனுபவிக்க விரும்புகிறவர்களுக்கென்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். செலஸ்ட்டில் உதவி முறையைத் திறந்தால் கேமின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். செய்தவர்களே வைத்த வழி அது. ஒரே பாஸிடம் மூன்று மாலைகள் தோற்றால், அது வாரத்தின் மொத்த ஆட்ட நேரம். தோற்பதையே ரசிக்கிறவர் என்றால் தாராளமாகத் தோல்வியுறுங்கள். ரசிக்கவில்லை என்றால் ஒரு படி இறக்குங்கள்.

சைடு மிஷன்களில் ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். கொடுப்பவரின் கதை பிடித்திருந்தால் போங்கள். "பத்து மூலிகை பறித்து வா" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வரைபடத்தில் உள்ள எல்லாக் குறிகளையும் துடைத்தெடுக்கும் பழக்கம்தான் 30 மணி நேர கேமை 80 ஆக்குகிறது. பிளாட்டினம் ட்ரோஃபி (ஒரு கேமின் மற்ற ட்ரோஃபிகளையெல்லாம் வென்றால் பிளேஸ்டேஷனில் கிடைப்பது) ஆசை இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு கேமைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

புதிரில் சிக்கினால் எவ்வளவு நேரம் முட்டுவது? நான் 15 நிமிடம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் விடை சொல்லும் கைடைப் பார்த்துவிடுவேன். புதிர்தான் கேமே என்றால், உதாரணமாகப் போர்ட்டல், பார்ப்பதில்லை. அணைத்துவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் பல் தேய்க்கும்போது விடை வரும். எனக்கு இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறது.

புதிது வாங்கத் தோன்றும்போது

தோன்றும். தள்ளுபடி வந்தால் நிச்சயம் தோன்றும். வாங்கவே கூடாது என்ற விரதம் எனக்கு ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏழாவது வாரம் ஒரேயடியாக நான்கு வாங்கினேன். இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு, இரண்டு முடித்தால் ஒன்று வாங்கலாம் என்பது. அதுவும் இன்றிரவே தொடங்குவேன் என்றால் மட்டும். "அப்புறம் ஆடலாம்" என்று தோன்றினால் அதை விருப்பப் பட்டியலில் போட்டுவிடுகிறேன். டிஜிட்டல் கேம்கள் திரும்பத் திரும்பத் தள்ளுபடிக்கு வரும்.

முடித்த கேமை என்ன செய்வது என்பது மட்டும் மிச்சம். இறுதிப் பெயர்கள் ஓடி முடிந்த அதே இரவில் கேமை அழித்துவிடுங்கள். பிஎஸ்5-இலும் ஸ்விட்ச்சிலும் கேமை அழித்தாலும் சேவ் தனியாக இருக்கும்; எக்ஸ்பாக்ஸில் அது கிளவுடிலும் இருக்கும். ஆகவே என்றைக்காவது திரும்ப வந்தால் விட்ட இடம் காத்திருக்கும். டிஸ்க்காக இருந்தால் யாருக்குக் கொடுப்பது என்று யோசியுங்கள். பட்டியலில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் ஒரு வரியும் எழுதுங்கள். என்னுடையதில் கடைசியாக இருப்பது: "இன்சைடு. இரண்டு இரவு. கடைசி இருபது நிமிடம் என்ன நடந்தது என்று இன்னும் புரியவில்லை." அதற்குக் கீழே அடுத்த கேமின் பெயரை எழுதி, அதன் அப்டேட்டை இறங்க விட்டுத்தான் அன்று படுக்கப் போனேன்.